கேட் சீட்டின் பின்பக்கம்

என்னைப் பொய்க்காரி என்று எழுதியவனை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு முந்திரிக்கொட்டை விற்ற அவன் கடல் தாண்டி ஏதோ ஓர் ஆபீசில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை எங்கள் முதலாளி அண்ணாச்சி தூத்துக்குடியில் எனக்கு வாசித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னார்.

"இந்த டெஸ்ட் நடக்கவே இல்லைங்கான். கொட்டையை யாரும் வெட்டவே இல்லையாம். ஃபேனுக்கு அடியில இருந்து சும்மா நம்பரு போட்டுருக்காவன்னு எழுதியிருக்கான்."

"யாரு போட்டதாம்?"

"நீதாம்மா."

எனக்கு ஏறிய கோபத்தில் மேசையில் இருந்த தராசுப் படிக்கல்லைக் கையில் எடுத்துவிட்டேன். அடிப்பதற்கு அங்கே ஆள் இல்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

நான் செய்யும் வேலை இதுதான். கப்பலில் வரும் முந்திரிக்கொட்டையை வெட்டிப் பார்த்து, உள்ளே எவ்வளவு பருப்பு இருக்கிறது என்று சொல்வது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வருகிறது. மேல்தோடு மூடிய கொட்டையை வெளியே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு கண்டெய்னரிலும் பல மூட்டைகளைப் பிரித்து, கலந்து, அதில் ஒரு கிலோவை எடுத்துக் கைக்கட்டரால் ஒவ்வொரு கொட்டையாக நீளவாக்கில் பிளப்போம். நல்ல பருப்பு ஒரு பக்கம். புள்ளி விழுந்தது ஒரு பக்கம், அதற்குப் பாதி எடைதான் கணக்கு. பூஞ்சை, சொத்தை, பொக்கு எல்லாம் குப்பை. தேறிய பருப்பை நிறுத்து, எண்பது கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் என்று கணக்குப் போட்டால் ஒரு நம்பர் வரும். முந்திரி வியாபாரம் உலகம் முழுக்க அந்த நம்பரில்தான் நடக்கிறது.

வெட்டுகிறவர் கைக்கு இது நல்ல வேலை இல்லை. தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துவிடும். கையைச் சாம்பலில் புரட்டிப் புரட்டித்தான் வெட்ட வேண்டும். அப்படியும் நகம் கறுத்துவிடும். என் வலது கட்டை விரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. ஃபேக்டரியில் சேர்ந்த முதல் வருடம் கட்டரில் வாங்கிய வெட்டு. ரேஷன் கடைக்கு அரிசி வாங்கப் போனபோது கைரேகை மெஷின் என் விரலை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த லட்சணத்தில் இருக்கிற விரல்.

இந்தக் கையை வைத்துக்கொண்டிருப்பவளைத்தான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள் என்று அவன் எழுதியிருந்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். நான்கு கண்டெய்னர்கள் வந்தன. விற்றவன் அனுப்பிய சான்றிதழில் கப்பலில் ஏற்றும்போது நாற்பத்தெட்டு ராத்தல் என்று இருந்தது. ஒப்பந்தப்படி நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் வாங்குகிறவர் சரக்கை மறுக்கலாம். துறைமுக யார்டில் முதல் கண்டெய்னரின் கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நனைந்து காய்ந்த சாக்கின் புழுங்கல் வாடை. என்னோடு எப்போதும் வெட்ட வருகிற அக்கா மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டாள். அவள் கடற்கரைக்காரி. வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், அவள் ஒருத்திதான் கொட்டை வெட்ட வந்தவள். வாய்க்கு அஞ்சாதவள்.

"மாதாவே! ஏளா, இது கொட்டையா, கருவாடா?"

விற்றவனுக்குத் தகவல் போனது. என் ஆளை அனுப்புகிறேன், அவன் முன்னால் வெட்டுங்கள் என்றான். இரண்டு நாள் காத்திருந்தோம். ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் நானும் அக்காவும் யார்டு ஷெட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்து வெட்டினோம். நான்கு கண்டெய்னருக்கு நான்கு கிலோ. எண்ணுவதும் நிறுப்பதும் எழுதுவதும் என் பொறுப்பு. நான்கும் சேர்ந்து சராசரி நாற்பதுக்கும் கீழே வந்தது. சரக்கை வேண்டாம் என்று அண்ணாச்சி எழுதிவிட்டார்.

அன்றைக்கு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் நானும் அவனும் ஒன்றாகிவிடுவோம்.

நான் படித்தது சாத்தான்குளம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே எல்லாப் பாடத்துக்கும் இரண்டு நோட்டு. ரஃப் நோட், ஃபேர் நோட். ரஃப் நோட்டில் கிறுக்கலாம், அடிக்கலாம், மைக்கறை படலாம். அதை யாரும் பார்க்க மாட்டார்கள். டீச்சருக்குக் காட்டுவது ஃபேர் நோட். அதில் ஒரு கறை இருந்தால் புறங்கையில் ஸ்கேலால் அடி. நான் நிறைய அடி வாங்கினேன். கடைசியில் சுத்தமாக எழுதக் கற்றுக்கொண்டேன்.

யார்டில் வெட்டும்போது நான் எழுதுவது கேட் சீட்டின் பின்பக்கத்தில். ஒரு கண்டெய்னரை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் யார்டு ஆபீசில் ஒரு சீட்டுத் தருவார்கள். முன்பக்கம் கண்டெய்னர் நம்பர், தேதி, நேரம், ரப்பர் ஸ்டாம்பு. பின்பக்கம் வெறும் தாள். வேறு தாள் தேடப் போனால் கையைக் கழுவ வேண்டும், திரும்பச் சாம்பல் போட வேண்டும். அதனால் மடியில் இருக்கிற சீட்டைத் திருப்பிப் போட்டு அதிலேயே எழுதிவிடுவேன். எழுதி முடிக்கும்போது கொட்டை எண்ணெய் ஊறி, விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பாகி, மீன் பொரித்து வைத்த தாள் மாதிரி இருக்கும்.

அந்தக் கந்தலை வெளிநாட்டுக்கு அனுப்பவா? எனக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல வெள்ளைத்தாள் நான்கு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புக்குச் சிவப்பு மையும் எண்ணுக்கு நீல மையுமாக அழகாக எழுதினேன். தேதி வெட்டிய நாளின் தேதி. கையெழுத்து என்னுடையது. மறுநாள் அண்ணாச்சியிடம் கொடுத்தபோது, "பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கும்மா," என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ரஃப் சீட்டுகளை எப்போதும் போல வெட்டிய பருப்போடு துணிப்பையில் போட்டு, வாயைத் தைத்து, ஃபேக்டரி ஸ்டோரில் மாட்டிவிட்டேன். மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு எறிய வேண்டும் என்பது வழக்கம். நான் எறிவதில்லை. எறிய நேரம் இல்லை என்பதுதான் உண்மை.

இப்போது வழக்கு. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், தகராறு வந்தால் சிங்கப்பூரில் மூன்று நடுவர்கள் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று இருந்ததாம். விற்றவன் அங்கே போய்விட்டான். சரக்கு நன்றாகத்தான் இருந்தது, டெஸ்ட்தான் பொய் என்பது அவன் வாதம். ஆக, மொத்த வழக்கும் என் நான்கு தாளில் வந்து நின்றது. தாள் பொய் என்று அந்த மூன்று பேரும் எழுதிவிட்டால், அப்புறம் தூத்துக்குடியில் எவனும் என்னை ஒரு கொட்டையைக்கூட வெட்டக் கூப்பிட மாட்டான். இருபது வருடமாக என் வாயிலிருந்து வரும் நம்பரை நம்பித்தான் கண்டெய்னர் திறக்கிறது, மூடுகிறது. எனக்கு வேறு தொழில் தெரியாது. வேறு பெயரும் இல்லை.

"நம்மூரு கோர்ட்டு என்ன பாவம் செஞ்சிச்சாம்?" என்று அக்கா கேட்டாள். "சிங்கப்பூருக்காரனுக்குக் கொட்டையப் பத்தி என்னளா தெரியும்?"

"பேப்பரப் பத்தித் தெரியுமாம்," என்றேன்.

அண்ணாச்சி வைத்த வக்கீல் சென்னையிலிருந்து வந்த பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து, வெட்டுவது, நிறுப்பது, சாம்பல், எண்ணெய் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அதுதான் என் சாட்சி அறிக்கை. கடைசியில் அந்த நான்கு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, "இதுதானே ஒரிஜினல்? வெட்டும்போது எழுதினது?" என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. டீச்சர் ஃபேர் நோட்டைப் பார்த்து, இதுதானே உன் நோட்டு என்று கேட்டால் என்ன சொல்வோம்? ஆமாம் என்றுதான் சொல்வோம். அப்படி வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திருத்த வெட்கம். கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. நடுவர்கள் அவரவர் ஊரில். வீடியோவில்தான் விசாரணை. எனக்குத் தூத்துக்குடியில் ஒரு ஹோட்டல் அறை போட்டிருந்தார்கள். மேசை, கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் பாட்டில். கையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்கக் கூடாது. யாராவது எனக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பார்க்க, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு வயதான நோட்டரி வக்கீலை மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் கேமராவைத் தூக்கி அறை முழுக்கச் சுற்றிக் காட்டினார். கட்டிலுக்கு அடியிலும் காட்டினார். ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பல் கிட்டியது.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நடுவர்களில் தலைவர் ஒரு வெள்ளை முடி அம்மா. மொழிபெயர்ப்பு செய்ய சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் ஒருத்தி. பைபிள் வைத்து சத்தியம் செய்கிறாயா, வெறும் உறுதிமொழியா என்று கேட்டார்கள். நான் பைபிளை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. அந்த அறிக்கையில் ஒரிஜினல் என்று எழுதியிருக்கிறதே.

எதிர்த்தரப்பு வக்கீல் டை கட்டிய ஆள். குரலை உயர்த்தவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். ஒரு மணி நேரம் வெட்டுகிற முறையையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் கையில் படுமா?"

"படாம எப்படி வெட்டுதது?"

மொழிபெயர்ப்புப் பெண், மறுபடி சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்.

"சாம்பல் போட்டாலும் படுமா?"

"படும்."

"துணியில் பட்டால்?"

"கறை போவாது. சேலையோட கெடக்கும்."

"தாளில் பட்டால்?"

அந்த நேரம் எனக்குப் புரிந்துவிட்டது. பதில் சொல்வதற்கு முன்னாலேயே அவர் என் தாள்களைத் திரையில் போட்டுவிட்டார். சிவப்புத் தலைப்பு, நீல எண், ஸ்கேல் கோடு. பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

"அம்மா, நூற்றுக்கணக்கான கொட்டைகளை எண்ணெய்க் கையோடு வெட்டிக்கொண்டே இந்தத் தாள்களை எழுதினீர்கள் என்பது உங்கள் அறிக்கை. இதில் கறை எங்கே?"

சரியான கேள்வி. அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கேள்வி சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

இரண்டு வழி இருந்தது. கையைத் துடைத்துவிட்டு எழுதினேன் என்று அடித்துச் சொல்லலாம். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நான் டெஸ்ட் எடுக்கிறவள். பூஞ்சைப் பருப்பை நல்ல பருப்போடு சேர்த்து நிறுக்க என் கைக்கு வராது.

"இது ஒரிஜினல் இல்ல," என்றேன்.

மொழிபெயர்ப்புப் பெண் அதைச் சொன்னதும் திரையில் எங்கள் வக்கீலின் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். ஜெயித்துவிட்டவன் வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தார்.

"ஆக, பிறகு தயாரித்தது."

"பொறவு எழுதுனது. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல வச்சு. இது ஃபேரு. இதுக்கு ரஃப் இருக்கு. அது அழுக்கா இருக்குன்னு வெட்கப்பட்டு நான்தான் குடுக்கல. எங்க வக்கீலம்மாவுக்கும் தெரியாது. கேட்டப்போ இதான் ஒரிஜினல்னு நான் பொய் சொல்லிட்டேன். தப்பு என் மேல."

வெள்ளை முடி அம்மா முதல் தடவையாகப் பேசினார். "அந்த ரஃப் இப்போது எங்கே இருக்கிறது?"

"எங்க ஃபேக்டரி ஸ்டோருல, பைக்குள்ள. ஆட்டோவுல போனா கால் மணி நேரம்."

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். ஆவணம் கொடுக்கும் கெடு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, இனி ஏற்கக் கூடாது, கறை என்று கேட்டதும் கறைபட்ட தாள் முளைக்கிறது என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். நோட்டரி மூலையிலிருந்து, "இரிங்கம்மா, இரிங்க," என்று கையைக் காட்டினார்.

நடுவர்கள் மூன்று பேரும் திரையை விட்டுப் போய்த் தனியாகப் பேசிவிட்டு வந்தார்கள். வெள்ளை முடி அம்மா உத்தரவு போட்டார். நோட்டரி உடனே ஃபேக்டரிக்குப் போக வேண்டும், போகும் வழியெல்லாம் செல்போனில் வீடியோ ஓட வேண்டும், பையை அவர் கையாலேயே எடுத்துப் பிரிக்காமல் கொண்டுவர வேண்டும். நாளைக் காலை எல்லோர் முன்னாலும் பிரிப்பது. அதுவரை நான் இந்த வழக்கைப் பற்றி எவரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எங்கள் வக்கீலிடமும் கூடாது. அதுதான் அங்கே சட்டமாம்.

என்னைப் பேசாதே என்று சொன்னது அதுவரை யாரும் கொடுக்காத தண்டனை. வீட்டுக்குப் போகும்போதே அக்கா வாசலில் நின்றாள்.

"ஏளா, என்னாச்சு?"

நான் கையை விரித்தேன்.

"செயிச்சியா, தோத்தியா?"

"பேசக் கூடாதுன்னு உத்தரவு."

"வாயில என்ன, கொழுக்கட்டையா? எங்கிட்ட சொன்னா சிங்கப்பூருக்கா கேக்கும்?"

"சத்தியம் செஞ்சிருக்கேன், போக்கா."

"அப்ப தோத்துட்ட," என்றாள். "செயிச்சிருந்தா நீயாவது, வாய மூடுததாவது!"

அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். வெட்டி இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஸ்டோரில் எலி உண்டு. வண்டு உண்டு. பையை யாராவது இடம் அடைக்கிறது என்று எறிந்திருந்தால்? ரஃப் இருக்கிறது என்று பைபிள் மேல் சத்தியம் செய்துவிட்டு, நாளைக்கு ஒன்றுமில்லாத பையைப் பிரித்தால் அதோடு முடிந்தது என் கதை.

காலையில் ஹோட்டலுக்குப் போனேன். மேசை மேல் பை இருந்தது. நான் போட்ட தையல் அப்படியே இருந்தது. நோட்டரி கத்தரிக்கோலால் தையலை வெட்டினார். உள்ளே பருப்பு இல்லை. வண்டு தின்று மாவாகிக் கிடந்தது. மேசையெல்லாம் தூள். நோட்டரி தும்மினார். கையை உள்ளே விட்டு, மடித்த சீட்டுகளை வெளியே எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான தாளை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை.

பழுப்பு ஏறி ஓரம் கறுத்திருந்தது. ஆனால் எழுத்து தெரிந்தது. நோட்டரி ஒவ்வொன்றாகக் கேமரா முன் பிடித்தார். அடித்தது, திருத்தியது, கூட்டல், கழித்தல், ஒரு மூலையில் டீக்கடைக்கு எத்தனை டீ சொல்லியனுப்பியது என்பதுகூட இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், இதை எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்று ஆரம்பித்தார்.

"சீட்டத் திருப்பச் சொல்லுங்க," என்றேன்.

நோட்டரி திருப்பினார். யார்டு ஸ்டாம்பு. கண்டெய்னர் நம்பர். நாங்கள் வெட்டிய நாளின் தேதி. கண்டெய்னரைத் திறந்த நேரம். நான்கிலும். எண்ணெய் பின்பக்கத்திலிருந்து ஊறி ஸ்டாம்பு மை மேலேயே பரவியிருந்தது.

வெள்ளை முடி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது சீட்டை இன்னும் பக்கத்தில் காட்டச் சொன்னார். கீழ்மூலையில் ஒரு முழுக் கட்டை விரல் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. ரேகைக்கு நடுவே, குறுக்கே, வெள்ளையாக ஒரு கோடு.

"சாட்சி வலது கட்டை விரலைக் காட்ட முடியுமா?"

நான் விரலைக் கேமராவில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ரேஷன் கடை மெஷின் ஒத்துக்கொள்ளாத விரல். திரை முழுக்க அதுதான் தெரிந்தது. குறுக்கே அதே கோடு.

அதோடு விடாமல் எதிர்த்தரப்பு வக்கீல் ரஃபையும் ஃபேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் எண்ணாகப் பார்த்தார். எங்காவது மாறும், பிடித்துக்கொள்ளலாம் என்று. மாறத்தான் செய்தது. மூன்றாவது கண்டெய்னரில் ரஃபில் நல்ல பருப்பு இருநூற்றுப் பதினான்கு கிராம். ஃபேரில் இருநூற்று நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தேன். இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன்.

"இது பிழைதானே?" என்றார்.

"பிழைதான்."

அப்புறம்தான் அவருக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். நிறுத்திக்கொண்டார். வெள்ளை முடி அம்மா நிறுத்தவில்லை. "அந்தப் பிழையால் யாருக்கு லாபம்?" என்று அவரிடமே கேட்டார். அவர் குனிந்து தாளைப் பார்த்தார். பருப்பைக் கூட்டிக் காட்டியிருக்கிறேன். அவருடைய ஆளின் சரக்கை உள்ளதைவிட நல்ல சரக்காகக் காட்டியிருக்கிறேன். "எங்கள் தரப்புக்கு," என்றார் மெதுவாக.

என் சாட்சி முடிந்தது. இனி பேசலாம், பார்க்கலாம் என்று விட்டார்கள். அதே ஹோட்டலில் வேறு அறையிலிருந்து பேசிக்கொண்டிருந்த எங்கள் வக்கீலம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்புறம் உங்களைத் திட்டுறேன்," என்றார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த சாட்சி, ஏற்றும்போது நாற்பத்தெட்டு என்று சான்றிதழ் கொடுத்தவன். அவனுடைய தாளும் கையால் எழுதியதுதான், அதையும் வெட்டும் மேசையிலேயே எழுதியதாகத்தான் அவன் அறிக்கையில் இருந்தது. எங்கள் வக்கீலம்மா அதைத் திரையில் போட்டார். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"இது ஃபேர் காப்பியா?"

"இல்லை. ஒரே தாள்தான்."

"வெட்டும்போது எழுதியது?"

"ஆமாம்."

"கறை எங்கே?"

நேற்று என்னைக் கேட்ட அதே கேள்வி. அவன் கையுறை போட்டிருந்தேன் என்றான். கையுறையோடு எப்படி இவ்வளவு பொடியாக எழுதினீர்கள் என்று கேட்டார். எழுதியது வேறு ஆள் என்றான். அந்த ஆள் யார் என்றதும் தண்ணீர் குடித்தான். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குடோனில் யாரோ வெட்டினார்கள், போனில் நம்பர் சொன்னார்கள், இவன் ஆபீசில் உட்கார்ந்து எழுதினான்.

நான் வக்கீலம்மாவின் முழங்கையை இடித்தேன். "ஃபேனு ஓடுச்சான்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சொன்ன சொல் தவறாமல் திட்டினார். நன்றாகவே திட்டினார். ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் இந்தப் பாடு உண்டா என்றார். வாங்கிக்கொண்டேன்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. வந்த அன்று அண்ணாச்சி ஃபேக்டரியில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, வக்கீலம்மாவைப் போனில் ஸ்பீக்கரில் போட்டார். அவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். விற்றவன் தோற்றான். சரக்கை மறுத்தது சரி. நாற்பத்தெட்டு என்ற சான்றிதழை ஏற்க முடியாது. அப்புறம் என்னைப் பற்றி ஒரு பத்தி. சாட்சி நகலை மூலம் என்று முதலில் சொன்னது தவறு, ஆனால் அதைத் தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தே தானாகச் சொன்னார். இந்த வழக்கில் எங்கள் முன் வைக்கப்பட்ட ஆவணங்களில் எதையும்விட அந்த நான்கு சீட்டுகளை நாங்கள் நம்புகிறோம்.

அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். "கேட்டியளா? டீக் கணக்கையும் சேத்துத்தான் நம்புதாவளாம்!"

ஃபேக்டரியே சிரித்தது. நான் அழுதேன் என்று அவள் இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கொட்டை எண்ணெய்ப் புகை கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

போன மாதம் வேறொரு கம்பெனியின் சரக்கு வந்தது. விற்றவர்கள் தரப்பில் ஓர் ஆள் நேரில் வந்திருந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கேட் சீட்டுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நானும் அக்காவும் உட்கார்ந்தோம். அவர் சற்றுத் தள்ளி நின்றபடி, "நீங்கதான அந்தச் சிங்கப்பூர் கேஸ்ல வந்தவங்க? எழுதற சீட்டையே எனக்குப் படம் எடுத்துக் குடுத்துடுங்க மேடம், ஃபேர் காப்பி வேண்டாம்," என்றார்.

"தாரேன்," என்றேன். "ஆனா அங்கன நின்னா எப்படி? சாம்பல்ல கைய விட்டுட்டு இங்கன வந்து இரிங்க."

"நானா?"

அக்கா ஒரு சாக்கை எடுத்து அவர் பக்கம் உதறி விரித்தாள். "ஆமா, நீங்கதான். ரெண்டு நாளு காத்திருந்தும் வராத ஆளப் பாத்து நாங்க பட்டது போதும். வந்துட்டிய, வெட்டுங்க."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் கிலோ வெட்டுவதற்குள் வெள்ளைச் சட்டையில் மூன்று இடத்தில் கறை. நான் நிறுத்து எண்ணைச் சொன்னேன். பேனாவை அவரிடம் நீட்டினேன். அவரே கேட் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினார். எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய கட்டை விரல் நன்றாகப் பதிந்தது. அவர் அதைத் துடைக்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.